ஏகாதசியன்று இரண்டு கிச்சடி

மழை ஊரிலிருந்து கிளம்பும்போதே பிடித்துக்கொண்டதா, பாச்னை கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகா... எனக்குச் சரியாகத் தெரியாது. கேதகி ஒன்று சொல்கிறாள், சலீல் வேறொன்று சொல்கிறான். இருவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஆனால் ஹரிச்சந்திரகட் கோட்டையின் குகை வாசலில் கேதகி சாக்கு மூட்டையை அவிழ்த்த அந்த நொடியைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

அவிழ்த்தாள். பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே அரிசி இல்லை. பருப்பு இல்லை. வெள்ளை வெளேரென்று, மழை ஈரத்தில் பருத்து, முத்து முத்தாக... ஜவ்வரிசி!

புனேயிலிருந்து வந்த அவளுடைய மலையேறும் குழுவில் அன்று நாற்பது பேர். சாப்பாட்டுப் பொறுப்பு முதல்முறையாக அவளிடம். போன தடவை யாரோ ஒரு மேதாவி நாற்பது பேருக்குச் சப்பாத்தி சுடலாம் என்று ஆரம்பித்து, பாதிப் பேர் பசியோடு தூங்கிப்போனார்கள். கேதகி அப்படிச் செய்யவில்லை. யோசித்து யோசித்து எளிமையாக்கினாள். ராத்திரிக்குக் கிச்சடி. ஒரே அண்டா, ஒரே கரண்டி, ஊறுகாய், சுட்ட அப்பளம். காலையில் தாளித்த அவல், டீ. குழந்தைகூடச் செய்துவிடும்.

மளிகைக் கடைக்குப் போன் செய்தது அவளுக்கு நினைவு வந்தது. "சனிக்கிழமைக்குத்தானே? கிச்சடி சாமான், நாப்பது பேருக்கு. கட்டி வெச்சிடறேன்" என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை... ஆஷாட ஏகாதசி.

ஊரே உபவாசம் இருக்கிற நாளில் அரிசிக் கிச்சடியை எவர் கேட்பார்? அவர் மேல் தப்பில்லை. உபவாசக்காரர்கள் சாப்பிடும் ஜவ்வரிசிக் கிச்சடிதான் என்று எடுத்துக்கொண்டார். வறுத்த வேர்க்கடலைப் பொடி, பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு... அடியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இரண்டு பண்டத்துக்கு ஒரே பெயர் வைத்த முன்னோர்களை அவள் மனதுக்குள் திட்டினாள்.

"தீப்பெட்டி கிடைக்குமா? எங்களோடது எல்லாம் நமுத்துப்போச்சு..."

பின்னாலிருந்து ஒரு குரல். அவள் திரும்பவில்லை.

"எதுக்கு? என்னைக் கொளுத்தவா?"

"இந்த மழையிலயா? அதுக்கு ஒரு பெட்டி போதாதுங்க."

சட்டென்று திரும்பினாள். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். இமை முடிகளில் மழை தங்கியிருந்தது. அவன் இமைத்தபோது ஒரு துளி உடைந்து கன்னத்தில் வழிந்தது... கோபமாகச் சொல்ல நினைத்த வார்த்தை அவளுக்கு மறந்துபோயிற்று.

அவன் அவளைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்தான். வாய் பிளந்தது.

"ஜவ்வரிசி! ஐயோ... எங்க காகூ பார்த்தா இதை விழுந்து கும்பிடுவாங்க!"

பக்கத்துக் குகையில் நாசிக்கிலிருந்து வந்த வங்கி ஊழியர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் காகூ, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே சாப்பாட்டுப் பொறுப்பு இவனுடையது. பெயர் சலீல். இவனும் யோசித்து யோசித்து எளிமையாக்கியிருந்தான்: அரிசி, பாசிப்பருப்பு, ஒரே அண்டா. மேலே வந்த பிறகுதான் தெரிந்தது, முக்கால்வாசிப் பேர் உபவாசம்.

"காலையிலேர்ந்து எல்லாரும் வாழைப்பழத்துல ஓட்டறாங்க. இப்ப அத்தனை பேரும் என்னையே பார்க்கறாங்க... என்னைச் சாப்பிட்டுருவாங்களோன்னு பயந்துதான் தீப்பெட்டின்னு சொல்லிட்டு இங்க ஓடி வந்தேன்."

கேதகிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள்.

"ஏகாதசிகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"வீட்டுல சொல்ல ஆள் இல்லீங்க. அம்மா போனதுலேர்ந்து எங்களுக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்." இலேசாகத்தான் சொன்னான். பிறகு அவளைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டைக்குள் கைவிட்டாள். 

"ஆனா இது நனைஞ்சு வீணாயிடுச்சே" என்றாள்.

அவன் ஒரு முத்தை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினான். வெண்ணெயாக நசுங்கியது.

"வீணா? இதை வீட்டுல ராத்திரி பூரா ஊறவைக்கணும். உங்களுக்கு மழையே வழி நெடுக ஊறவெச்சுக் குடுத்திருக்குங்க!"

மூட்டைகள் கைமாறின. இரண்டு குகைகளுக்கும் நடுவே, பாறை கூரை நீட்டிய இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடுப்புகள். புகை இரண்டு பேர் கண்ணையும் கரித்தது.

"கிளறாதீங்க!" என்று கத்தினாள் கேதகி. "போஸ்டர் ஒட்டப் பசையா காய்ச்சறீங்க?"

"நீங்க உங்க அண்டாவைப் பாருங்க. மஞ்சள் பொடியை அள்ளிக் கொட்டியிருக்கீங்க, சூரியன் உதிக்கிற மாதிரி இருக்கு."

"பசியில இருக்கறவங்களுக்குக் கண்ணு தெரியணுமில்ல!"

சிரித்தபடியே தன் மஞ்சள் கரண்டியை அவள் அவன் அண்டாவுக்குள் விடப்போக, பின்னாலிருந்து ஓர் அலறல்.

"அடியே! அந்த அரிசிக் கரண்டி உள்ள போச்சுன்னா என் ஏகாதசியும் போச்சு!"

அதுதான் ஷாலினி காகூ. வங்கியில் காசாளர். அவர் முறைத்தால் பெரிய அதிகாரியே எழுந்து நிற்பாராம்.

பொழுது சாய்ந்தபோது எல்லார் தட்டிலும் சூடாக ஏதோ ஒரு கிச்சடி இருந்தது. கேதகியின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. காகூ கடைசிப் பருக்கையை வழித்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டேய் சலீல், பொண்ணு நல்லாயிருக்கா. கைப்பக்குவமும் இருக்கு. கேட்டுப் பாரேன்."

கேதகியின் காது மடல்கள் சுட்டன.

"வேணாம் காகூ. ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்" என்று சிரித்தான் அவன். "போன மாசம் அப்பா எனக்குப் பொண்ணு பார்க்கறேன்னு என் ஜாதகத்தை அனுப்பினார். என்கிட்ட காட்டாம அதுல ஒரு வரி எழுதிட்டார். பொண்ணுக்கு நல்லாச் சமைக்கத் தெரியணும்னு. புனேலேர்ந்து பதில் வந்தது பாருங்க... 'பையனுக்குச் சமையல்காரிதான் வேணும்னா மெஸ்ஸுக்குப் போகச் சொல்லுங்க!'"

காகூ தொடையில் தட்டிச் சிரித்தார்.

கேதகியின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. ஊறுகாய் எண்ணெய் விரல்களில் வழிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

நாசிக் ராஜ்வாடே வீட்டுப் பையன் என்று போன மாசம் அவள் மாமா ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். போட்டோவை உறையிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை. அந்த ஒரு வரியைப் படித்ததும் தலைக்கேறிய கோபத்தில், "அப்படியே சொல்லுங்க மாமா, ஒரு எழுத்து மாத்தாம" என்று அவள்தானே...

"அவ சொன்னது சரிதான். எனக்குக் கோபமில்ல" என்றான் சலீல். சிரிப்பு மெல்ல அணைந்தது. "ஆனா அப்பா அந்தப் பதிலைப் படிச்சுட்டுச் சமையலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். அம்மா செத்தப்பகூட என் முன்னாடி அழாதவர். உள்ளேர்ந்து சத்தம் கேட்டுது... அதுக்காக மட்டும் அந்தப் பொண்ணை நான் மன்னிக்க மாட்டேன். யாரோ, எவளோ."

யாரோ... எவளோ...

கேதகி எழுந்து குகைக்குள் போய்விட்டாள். படுத்தும் தூக்கமில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம். அவன் நாசிக், இவள் புனே. இன்று அவன் பார்த்த பார்வை மட்டுமாவது மிஞ்சும். சொன்னால் அதுவும் போய்விடும்... ஆனால் உண்மையை மறைத்து வைத்துக்கொள்கிற பார்வை யாருக்கானது? அவளுக்கானதா?

காலையில் மலை முழுவதும் வெண்பஞ்சு மூட்டம். நாசிக் குழு வேறு வழியாக இறங்க வேண்டியவர்கள். பாதை பிரிகிற இடத்தில் சலீல் கடைசியாக நின்றுகொண்டிருந்தான். அவளுக்காகத்தான் நிற்கிறான் என்று அவன் கண்களே சொல்லின.

"உங்க முகவரி கேக்கலாமா... தப்பா நினைக்க மாட்டீங்கன்னா..."

"மெஸ்ஸுக்குப் போகச் சொன்னது நான்தான்."

அவன் புரியாமல் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

"என்ன?"

"கேதகி மோகாஷி. போன மாசம். உங்க பேரைக்கூடப் படிக்கல. அது உங்க அப்பா எழுதினதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா... இல்ல, அப்பவும் சொல்லியிருப்பேன். இவ்வளவு மோசமா சொல்லியிருக்க மாட்டேன்." ஒரு அடி முன்னால் வந்தாள். "நீங்க மன்னிக்க வேணாம். உங்க அப்பாவை நேர்ல பார்த்து நான் கேக்கணும். அதுக்கு மட்டும் வழி விடுங்க."

 அவன் கையிலிருந்த பிளாஸ்டிக் தாள் நழுவிச் சேற்றில் விழுந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து காகூ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை.  கேதகி திரும்பி நடந்தாள்.

"நில்லு!"

நின்றாள். அவன் முதல்முறையாக ஒருமையில் கூப்பிட்டிருந்தான்.

"ராத்திரி பூரா நான் தூங்கல, தெரியுமா? இந்தப் பொண்ணை அப்பாகிட்ட எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இப்ப நீ வந்து..." தலையைப் பிடித்துக்கொண்டான். "கோபம் வருது. நிஜமாவே வருது. ஆனா உன்னை விட்டுட்டு இறங்கவும் கால் வர மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு!"

அவள் கண்களை நிமிர்த்தினாள். நிறைந்திருந்தன.

"எனக்கும் கால் வரல" என்றாள்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இருவருக்கும் ஒதுங்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே கேதகி நாசிக் போனாள். அவள் சொன்னதைக் கேட்ட சலீலின் அப்பா, "சமைக்கத் தெரியணும்னு எழுதினது எனக்குச் சமைக்கத் தெரியாததாலதாம்மா. இவன் அம்மா இருக்கும்போது நான் ஒரு நாளும் கத்துக்கல. உன் பதிலைப் படிச்சப்பதான் அது உறைச்சுது" என்றார். மாசி மாதத்தில் கல்யாணம் நடந்தது. கேதகியின் மாமா இனி யாருக்கும் தூது போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஷாலினி காகூ வங்கியிலிருந்து ஓய்வு பெற்றார், மூட்டு வலியால் மலை ஏறுவதை விட்டார். சலீலின் அப்பா இறக்கும்வரை மகன், மருமகளோடுதான் இருந்தார். அந்த வீட்டில் மூன்று பேரும் முறை வைத்துச் சமைத்தார்கள்.