என் மச்சம் எங்கே?

மிளகுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அன்று காதும் சேர்ந்து சிவந்துவிட்டது.

வகுப்பில் உள்ள எல்லோருடைய முகத்தையும் அவள் கணினியில் வரைந்திருந்தாள். மறுநாள் காலை அவற்றை வகுப்புச் சுவரில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு படத்தையும் சிறிதாக்கி, பின்னால் நீலம் பூசி, சுற்றிலும் சட்டம் போடுவதுதான் பாக்கி.

"ஒரு படத்துக்குச் செய்யறத ரெக்கார்ட் பண்ணிட்டா போதும். மத்த படத்துக்கெல்லாம் கம்ப்யூட்டரே அதை அப்படியே செஞ்சுடும். நீ போய்ச் சாப்பிடு, நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள். முதலில் இருந்தது அவளுடைய படம். கன்னத்தில் இருந்த மச்சத்தைக் காணோம்! அந்த மச்சத்தால்தான் வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு மிளகு என்று பெயர்.

"என் மச்சம் எங்கே?"

"அதுவா? அசிங்கமா இருந்துச்சு. துடைச்சுட்டேன்."

"அசிங்கமா? என் மூஞ்சியில கை வைக்க நீ யாரு?"

அடுத்த படங்களைத் திறந்தாள். அண்ணன் துடைத்ததையும் சேர்த்தே கணினி பதிவு செய்திருக்கிறது. எல்லாப் படத்திலும் அதே இடத்தைத் துடைத்துத் தள்ளியிருக்கிறது. வகுப்பில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பையனுக்குப் பாதி மூக்கு இல்லை. வாயாடி என்று பெயர் வாங்கியவளுக்கு வாயே இல்லை!

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "விடு, யாரு உத்துப் பாக்கப் போறாங்க?"

"அவங்கவங்க மூஞ்சியை அவங்கவங்க பாக்க மாட்டாங்களா? முதல்ல எந்திரி!"

நல்லவேளை, அவள் வரைந்த அசல் படங்கள் தனியாகப் பத்திரமாக இருந்தன. மிளகு அந்தப் பதிவைத் திறந்தாள். அண்ணன் செய்த வேலைகள் வரிசையாக இருந்தன. நடுவில் இருந்த 'துடை' என்பதை மட்டும் தூக்கி எறிந்தாள். பிறகு அசல் படங்களின் மீது பதிவை மறுபடி ஓடவிட்டாள். மூக்கும் வாயும் அதனதன் இடத்துக்கு வந்து சேர்ந்தன. மச்சமும் வந்தது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

"சரி, தப்புதான். என்னையும் ஒரு படம் வரையேன்" என்று குழைந்தான் அண்ணன்.

மிளகு வரைந்தாள். நெற்றி, புருவம், மூக்கு. மூக்கு நுனியில் பெரிதாக ஒரு பரு பழுத்திருந்தது. பேனா அங்கே போனதும் அண்ணன் அலறினான்.

"ஐயோ, பரு வேணாம்! அதை மட்டும் விட்டுடு, ப்ளீஸ்!"

மிளகு அவனை முறைத்தாள்.

"விட்டுடறேன். நீதான் கேட்டுட்டியே. என்கிட்ட நீ கேட்டியா?"

பேனா பருவைத் தாண்டி வாய்க்கு இறங்கியது.