கடைமுழுக்குத் தண்ணீர்

அந்தத் தண்ணீரில் ஒரு புழுகூட இல்லை. அனுசுயாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் லிசி, வீடு வீடாகப் பழைய டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்த்துப் பார்த்துக் கண் பழகியவள். கொல்லைத் தகரக் கொட்டகையின் கீழே தார்ப்பாய் கட்டி மூடியிருந்த தொட்டியைத் திறந்ததும் அவளே முகத்தைச் சுளித்துத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பச்சை என்றால் அப்படியொரு பச்சை. அழுகிய பூவும் பழைய எண்ணெயும் ஈரத்துணியும் கலந்த வாடை, திறந்த மாத்திரத்தில் வெளியே வந்து, போக மனமில்லாமல் அங்கேயே நின்றது. கரண்டியால் அள்ளி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி அள்ளினாள்.

"புழுவே இல்லக்கா. இப்படிக் கெடக்குற தண்ணியில நெளிநெளின்னு நெளியணுமே," என்றாள். கரண்டியிலிருந்து வழிந்த சொட்டு விரலில் பட்டதும் சட்டென்று கையை உதறினாள். "ஹீட்டர் போட்டிருக்கீங்களா?"

போடவில்லை. ஐப்பசியோடு அந்த ஒயரையே பிடுங்கியாகிவிட்டது. இப்போது மாசி. வெயில் பட்ட சூடாக இருக்கும் என்று அனுசுயா சமாளித்தாள். கொட்டகைக்குள் வெயிலே விழாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. இன்றைக்கே காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, வழக்கமாக வாசல் சுவரில் எழுதும் தேதியைக்கூட எழுதாமல் லிசி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

தொட்டி என்றால் நம் ஊர் சிமெண்டுத் தொட்டி இல்லை. நாலு பேர் காலை நீட்டி உட்காரலாம். உள்ளேயே இருக்கை உண்டு. பக்கத்துத் துளைகளிலிருந்து சுடுதண்ணீர் பீய்ச்சி முதுகை அமுக்கிவிடும். கனடாவில் இருக்கும் மூத்த மகன், அம்மாவின் முட்டிவலிக்கு என்று வாங்கிப் போட்டது. அம்மா இருசம்மாள், அனுசுயாவின் மாமியார், வருஷம் தவறாமல் ஐப்பசி முழுக்கக் காவேரியில், அம்மா மண்டபம் படித்துறையில் முழுக்குப் போட்டவர். போன ஐப்பசியில் படி இறங்க முடியவில்லை. நான் காவேரிக்குப் போக முடியாவிட்டால் காவேரி என்னிடம் வரட்டும் என்றார். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத இளைய மகன் சிவசங்கர், அனுசுயாவின் கணவன், லோடு ஆட்டோவில் கேன் கேனாக ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காவேரியில் யாராவது மருந்து போடுவார்களா என்று இருசம்மாள் கிருமி மருந்து போடவிடவில்லை. மாற்றவும் கூடாது, தினம் ஒரு குடம் புதுத் தண்ணீர் சேர்த்தால் போதும், ஆற்றுக்கு ஏது அழுக்கு என்றார். மஞ்சளும் பூவும் தைலமும் அந்தச் சூட்டில் ஊறி ஊறி, மாதம் பாதி போவதற்குள் தண்ணீர் வழுவழுத்துவிட்டது. அனுசுயா வாயைத் திறந்தபோது, "தாயப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்காத" என்று அடைத்துவிட்டார்.

ஒன்றே ஒன்றில்தான் அனுசுயா அசையவில்லை. பேத்தி சுபஸ்ரீயையும் அதில் இறக்கி முழுக்காட்ட வேண்டும் என்று இருசம்மாள் தினமும் கேட்டார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, சாரல் பட்டாலே நெஞ்சில் சளி கட்டும், இருமல் வந்தால் ராத்திரியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பிள்ளை மேல் ஒரு சொட்டுப் படக் கூடாது என்று அனுசுயா தீர்மானமாக இருந்தாள். கடைமுழுக்கு அன்று, ஐப்பசியின் கடைசி நாள், மாமியார் கெஞ்சவே கெஞ்சினார். "ஒரே ஒரு முழுக்கு, அனுசுயா. நானே தேச்சுக் குளிப்பாட்டுறேன்." அவள் பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். திரும்பி வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, நுரை சுழன்றுகொண்டிருந்தது. இருசம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே, வாய்வரை தண்ணீருக்குள், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போயிருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். காரியம் முடிந்ததும் சிவசங்கர் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினான். அதற்கப்புறம் அவன் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

இன்று அவன் காலை ஷிஃப்டுக்காகக் கைலாசபுரம் ஆலைக்குப் போயிருந்தான். போனில் கேட்டதற்கு, அடியில் வால்வு இருக்கிறது, திறந்துவிட்டால் நேராகப் பாதாளச் சாக்கடைக்குப் போய்விடும் என்றான். உடனே போனை வைத்துவிட்டான்.

அனுசுயா வால்வில் கை வைத்தாள். திருக மனம் வரவில்லை. என்ன இருந்தாலும் காவேரி. அதிலும் ஐப்பசி, துலா மாதத்துக் காவேரி, ஒரு உயிர் போன தண்ணீர். பூஜை செம்புத் தண்ணீரையே கால் படாத இடம் பார்த்துச் செடிக்கு ஊற்றுகிற வீட்டில், இதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் விட்டால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? பிள்ளை தலையில்தான். கொல்லை மூலையில் பழைய கிணறு இருந்தது. அடியில் சேறு மட்டும் தேங்கி, மேலே கம்பி வலை போட்டுக் கிடந்தது. குடிக்கவும் குளிக்கவும் மாநகராட்சித் தண்ணீர்தான் என்றான பிறகு அதன் மோட்டாரை யாரும் போட்டதில்லை. தண்ணீர் தண்ணீரோடு சேரட்டும், மிச்சத்தை மண் இழுத்துக்கொள்ளும் என்று நினைத்தாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஹோஸ் பைப்பின் ஒரு முனையைத் தொட்டிக்குள் அமுக்கி, மறுமுனையைக் கிணற்றடிக்கு இழுத்து வந்தாள். பைப்பை முதலில் நல்ல தண்ணீரால் நிரப்பிவிட்டால் மற்றது தானே இறங்கும். கொல்லைக் குழாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. எங்கோ மெயின் பைப் உடைந்துவிட்டது, நாளைக்குத்தான் தண்ணீர் வரும் என்று காலையிலேயே தெருவில் பேசிக்கொண்டார்கள். வேறு வழியில்லை. வாயை வைத்து உறிஞ்சினாள். வரும் முன்னே எடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது எப்போதும் நினைத்ததற்கு ஒரு நொடி முன்னால் வந்துவிடும். வாய் நிறைய வந்தது. வெதுவெதுப்பாக, மஞ்சள் வாசனையோடு, கெட்டியாக. துப்புவதற்குள் கொஞ்சம் தானாகவே தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அவள் விழுங்கவில்லை, அது இறங்கியது. அதை அவளால் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

தண்ணீர் கிணற்றுக்குள் விழத் தொடங்கியது. விழுகிற சத்தம் மட்டுமாக இருந்திருந்தால் பரவாயில்லை. நடுநடுவே பைப்புக்குள் காற்று புகுந்து, வயதானவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது விடுகிற மூச்சு போல ஒரு இழுப்பு கேட்டது. ஒரு இழுப்பு, கொஞ்சம் அமைதி, பிறகு இன்னொரு இழுப்பு. இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி என்று யாரோ நிதானமாகக் கீழே போய்க்கொண்டிருப்பது போல அது மதியம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, பட்டப்பகல்தான். அனுசுயாவுக்கு மட்டும் பிடரி சில்லிட்டுக் கிடந்தது.

பாதி இறங்கியதும் எட்டிப் பார்த்தாள். உள்சுவர் முழுக்க விரல் கனத்துக்குப் பாசி. இருக்கையிலும் பாசி. ஒரு இடத்தைத் தவிர. இருசம்மாள் எப்போதும் உட்காரும் மூலையில் முதுகும் இடுப்பும் தொடையும் பதிகிற அளவுக்கு, அன்று வாங்கி வந்தது போல வெள்ளைவெளேரென்று சுத்தமாக இருந்தது. இத்தனை மாதமும் யாரோ எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் ஒரு இடத்தில் பாசி பிடிக்காமல் இருக்கும். அவளுக்கு அது புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

அதற்கு அடுத்தாற்போல, ஒட்டினாற்போல, இன்னொரு இடமும் துடைத்து வைத்திருந்தது. சின்ன இடம். ஏழு வயதுப் பிள்ளை உட்காருகிற அளவு.

அனுசுயா கையை நீட்டி அந்த வெள்ளையைத் தொட்டாள். ஏன் தொட்டாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ்ஸில் ஒருவர் எழுந்த உடனே அந்த சீட்டில் உட்கார்ந்தால் ஒரு சூடு இருக்குமே, அந்தச் சூடு. கொல்லை வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வந்தது. அந்தத் தண்ணீர் மட்டும் வரவில்லை. மிச்சமும் வடிந்ததும், தொட்டி காலியாகிவிட்டது, இனி பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஒழிந்தது சனியன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பைப்பைக்கூடச் சுருட்டாமல் உள்ளே வந்து படுத்தாள். உடம்பு கொதித்தது. பிள்ளையை அழைத்துவந்துவிடுங்கள் என்று கணவனுக்குச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டது வரைக்கும் நினைவிருந்தது.

விழித்தபோது விளக்கு வைக்கும் நேரம். வீட்டில் ஏதோ ஒரு ரீங்காரம். ஃப்ரிட்ஜ் இல்லை, ஃபேன் இல்லை, தரைக்கு அடியிலிருந்து வருகிற சத்தம். சட்டென்று அது நின்றது. சிவசங்கர் அறைக்குள் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"இப்படிக் கொதிக்குதே. இரு, மாத்திரை வாங்கிட்டு வரேன்," என்றான். வாசல் வரை போனவன் திரும்பினான். "கார்ப்பரேஷன் தண்ணி நாளைக்குத்தானாம். சும்மா கெணத்து மோட்டாரப் போட்டுப் பாத்தேன், அனு. நல்லா ஊறியிருக்கு. மேல் டேங்கே ரொம்பிடுச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

அவள் போர்வையை விலக்கினாள். "பாப்பா எங்கங்க?"

"குளிச்சிட்டிருக்கா. ஸ்கூல்ல விளையாட்டு விழாவாம், மேலெல்லாம் மண்ணு. தண்ணி வெதுவெதுன்னு இருக்கு, ஹீட்டரே போடல."

பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அனுசுயா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூடம் நீளமாக இருந்தது. பாத்ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கு. தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நிதானமாக, ஒரே சீராக. ஏழு வயதுப் பிள்ளை அப்படி ஊற்றிக்கொள்ளாது.

மஞ்சள் வாசனை.

கதவைத் தள்ளினாள். சுபஸ்ரீ சின்ன ஸ்டூலில் முதுகு காட்டாமல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க சோப்பு. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். இரண்டு கையையும் சமர்த்தாக மடியில் வைத்திருந்தாள்.

"மெதுவாத் தேய்மா," என்றாள் பிள்ளை. "நகம் குத்துது."

அனுசுயாவின் இரண்டு கைகளும் கதவு நிலையில் இருந்தன.

பிள்ளைக்குப் பின்னால் பக்கெட். வழக்கமான நீலப் பக்கெட், தளும்பத் தளும்ப. அதிலிருந்து இரண்டு கைகள் வந்து பிள்ளையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தன. நாள்பட ஊறி வெளுத்து, தோல் சுருங்கி, விரல் நுனியெல்லாம் மடிப்பு மடிப்பாக. முழங்கைவரைதான் கைகள். அதற்குக் கீழே பக்கெட்டில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. தெளிந்த தண்ணீர். அடி தெரிந்தது.

கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வெதுவெதுப்பாகத் தண்ணீர்தான் வந்தது. உதட்டில் வழிந்து, தாடையில் வழிந்து, நிற்காமல் வந்தது. நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு கை மேலே வந்து, கண்ணில் சோப்பு போகாமல் பிள்ளையின் நெற்றியைப் பாந்தமாகப் பொத்திக்கொண்டது. மற்றது தோளைச் சுற்றி வந்து, பக்கெட்டின் பக்கமாக மெல்ல இழுத்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்மா," என்று சொல்லிக்கொண்டே சுபஸ்ரீ கண்ணைத் திறக்காமல் பின்னால் சாய்ந்துகொண்டாள்.