ஒரே இடத்தில் நின்ற சீட்டி

பேயே வந்து வாசித்தாலும், கட்டையை மாற்றினால் சத்தமும் மாற வேண்டும் அல்லவா? கயல்விழி அந்த இசைப்பெட்டியில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒரே சீட்டிதான் வந்தது.

“ஊஊஊ...”

அடிக்கட்டையை அழுத்தினாள். தூரத்தில் ஏதோ உறுமியது. அதற்கு மேலே அதே சீட்டி. உச்சிக்கட்டையை அழுத்தினாள். அதன் சொந்தக் குரல் அமுங்கிப்போய், சீட்டி மட்டும் தனியாகக் கேட்டது.

கயல்விழி ஆறாம் வகுப்பு. வீடு கடலூர்க் கடற்கரையின் கடைசித் தெருவில். சனிக்கிழமை சிதம்பரத்தில் பள்ளி நாடக விழா. கடல் பேய் ஒன்று வரும் நாடகத்தில் தோழி மோனிகா பாட, கயல் வாசிக்க வேண்டும். அதற்காகத்தான், கோடை முகாமில் பழக்கமான சபரீஷ் சிதம்பரத்திலிருந்து தன் சித்தப்பாவின் சிந்தசைசரைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் அனுப்பியிருந்தான். பார்க்க ஹார்மோனியத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது. தலை நிறையத் திருகுகள்.

கயல் உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

“அதுவா? சித்தப்பா பெங்களூர் போனதுலேர்ந்து அப்படித்தான் அழுவுது. நாங்க யாரும் தொடுறதே இல்ல” என்றான் சபரீஷ்.

“முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா வாங்கியிருப்பியா?”

அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா அமராவதி கரண்டியோடு ஓடி வந்தார்.

“யாருடி சீட்டி அடிக்கிறது? அப்பா கடல்ல இருக்காரு. இந்த நேரத்துல சீட்டி அடிச்சி காத்தைக் கூப்புடுவியா? மொதல்ல நிறுத்து! காலையில மொத பஸ்ல இதைத் திருப்பி அனுப்பிடு.”

அப்பா மீன் பிடிக்கக் கடலுக்குப் போனால் அந்த வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்காது. அம்மா சோற்றை வடித்துத்தான் ஆக்குவார். கயல் சட்டென்று சுவிட்சை அணைத்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. வெளியே நிஜமாகவே காற்று கிளம்பியிருந்தது.

அம்மா அப்பாவுக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. கயல் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். ‘நான்தான் கூப்பிட்டுவிட்டேனா?’

பக்கத்து அறைக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆறு வயதுத் தம்பி சுரேந்தர்.

“யக்கா, அது அப்பாவைக் கூப்புடுது.”

“அணைச்சிட்டேன்டா.”

“இன்னும் கேக்குதே!”

ஜன்னல் இடுக்கில் காற்று அதே குரலில் ஊளையிட்டது. சுரேந்தர் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். பெட்டியைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிடலாம். தம்பியின் பயத்தை எந்த பஸ்ஸில் ஏற்றுவது?

கயல் அம்மாவிடம் போனாள். “அம்மா, ஹெட்போன் மாட்டிக்கிறேன். எனக்கு மட்டும்தான் கேக்கும். வெளியில ஒரு பொட்டு சத்தம் போகாது.”

“காத்துக்குக் கேக்காதுல்ல?”

“கேக்கவே கேக்காது.”

அம்மா கரண்டியை அவள் பக்கம் நீட்டினார். “அரை மணி நேரந்தான்.”

சிந்தசைசர் இருந்த அறையில் பல்பு போய் இரண்டு நாளாகிறது. சுரேந்தரைத் தாஜா பண்ணி, கையில் டார்ச்சைக் கொடுத்தாள். அவன் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

கயல் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். ஒவ்வொரு திருகும் இப்போது எங்கே நிற்கிறதோ, அங்கே ஒரு பொட்டு ஒட்டினாள். எதையாவது திருகிவிட்டு அப்புறம் முழிக்கக் கூடாதே.

ஹெட்போனை மாட்டி, சுவிட்சைப் போட்டு, முதலில் பெரிய திருகைப் பிடித்தாள். மேலே திருப்பினால் சீட்டி கொசுவாகச் சன்னமானது. கீழே திருப்பினால் புயல் காற்றாகக் கனத்தது. ஆனால் கட்டையை மாற்றினால் மட்டும் அசையவே இல்லை.

அவள் கை உச்சிக்கட்டைகளுக்குப் போனது. அங்கே ஒரே இருட்டு. டார்ச் வெளிச்சம் நடுவிலேயே நின்றது.

“என் கை போற எடத்துக்கு லைட்டும் வரணும்டா. ஒரே எடத்துல புடிச்சிக்கினு நின்னா எப்படி?”

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“சுரேந்தரு! இதுவும் உன்ன மாதிரிதான்டா!”

“எது? பேயா?”

“பேய் இல்லடா. இங்க பாரு.”

பெரிய திருகின் கீழே ‘ஃபில்டர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. டீ வடிகட்டி மாதிரி இது சத்தத்தை வடிகட்டுகிறது. அந்த வடிகட்டிதான் ஒரே இடத்தில் நின்றுகொண்டு கத்துகிறது. உச்சிக்கட்டையின் சத்தம் அதைத் தாண்டி வர முடியாமல் அமுங்கிப்போகிறது. அப்படியானால், அதைக் கையோடு கூடவே வரச் சொல்லவும் ஒரு திருகு இருக்குமோ?

“கிட்ட வா. எழுத்து தெரியல.”

சுரேந்தர் ஓர் அடி வைத்தான். அப்புறம் இன்னோர் அடி. ஓரத்தில், அழிந்தும் அழியாமலும் ‘கீ டிராக்’ என்று இருந்தது. கீ என்றால் கட்டை. டிராக் என்றால் பின்னாலேயே போவது. அந்தத் திருகு பூஜ்யத்தில் நின்றது.

கயல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கடைசிவரை திருப்பினாள்.

அடுத்த கட்டையை அழுத்தினாள். சீட்டி ஒரு படி ஏறியது! அதற்கடுத்த கட்டை. இன்னொரு படி! விரல் இறங்கினால் சீட்டியும் இறங்கியது. உச்சிக்கட்டைகூடப் பளிச்சென்று பேசியது. அவள் ஹெட்போனைத் தம்பியின் காதில் மாட்டி, மோனிகாவின் பாட்டை ஒவ்வொரு கட்டையாக வாசித்தாள்.

சுரேந்தரின் கண் விரிந்தது. “யக்கா, பேய் பாடுது!”

இன்னொரு திருகைக் குறைத்ததும் சீட்டி அடங்கி, குரல் மட்டும் குழைவாக நின்றது. இனிச் சீட்டி இல்லையே என்று ஹெட்போனைக் கழற்றி அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அப்போது போன் அடித்தது. அப்பா ஜெயசீலன்தான்.

“காத்து ஜாஸ்தியா இருந்துச்சி. பாதியிலேயே திரும்பிட்டோம். கரைக்கு வந்தாச்சி.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் ஓரக்கண்ணால் சிந்தசைசரை ஒரு பார்வை பார்த்தார்.

“சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா, அப்பா கரையில இருக்கும்போதுதான் சீட்டி.”

சனிக்கிழமை அப்பா கடலில் இல்லை. சிதம்பரத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடை விளக்குகள் அணைந்தன. கடல் பேய் வரும் காட்சிக்காக, எல்லாத் திருகுகளையும் பொட்டு இருந்த இடத்துக்கே திருப்பி, கீ டிராக்கைப் பூஜ்யத்தில் வைத்து கயல் வாசித்தாள்.

“ஊஊஊ...”

பெட்டியை அனுப்பி வைத்த சபரீஷே நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த சுரேந்தர் அவன் கையைப் பிடித்தான்.

“பயப்படாத. அதுக்கு வழி தெரியாம நிக்குது. இப்போ பாரு, எங்க அக்கா கையப் புடிச்சிக் கூட்டிக்கினு வந்துடும்.”