முந்திக்கொண்டு வந்த பதில்

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. கையிலிருக்கும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தூத்துக்குடியில் ஒரு வீட்டுக்குள் பட்டப்பகலில் நுழைந்த ஒன்றைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பயப்படுங்கள், தப்பில்லை. பயத்தோடுதான் அவளும் நின்றாள்.

பதில் உடனே வந்துவிட்டது. அதுதான் முதல் கோளாறு.

ஈவாஞ்சலினின் ஒரே பிள்ளை பெனிஸ்டன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். நடுக்கடலிலிருந்து அவன் பேசும்போது, அவள் கேட்கும் கேள்வி வானத்துக்கு ஏறி இறங்கி அவனிடம் போய்ச் சேர நேரமாகும். "சாப்பிட்டியால?" என்று கேட்டுவிட்டு, விரலில் கிடக்கும் மோதிரத்தைச் சுழற்றியபடி காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் இருவர் பேச்சும் முட்டிக்கொள்ளும். அந்த இடைவெளி அவளுக்கு மகனின் மூச்சைப் போலவே பழகிப்போயிருந்தது.

அன்று மதியம் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. கப்பல்காரர்கள் துறைமுகத்துக்கு ஒரு நம்பர் வைத்திருப்பார்கள் என்பதால் யோசிக்காமல் எடுத்தாள்.

"எம்மா..."

"பெனி! எங்கல இருக்க?"

"என்னையப் புடிச்சு வச்சிருக்காவம்மா."

கேள்வியின் வாலை மிதித்துக்கொண்டு வந்தது பதில். ஆனால் குரல் அவனுடையது. சளி பிடித்தால் கரகரக்கும் அதே தொண்டை. அவன் பெட்டிக்குள் போதைப் பொட்டலம் அகப்பட்டதாம். விம்மலுக்கு நடுவில் வேறொரு குரல் புகுந்தது.

"மேடம், வீடியோவை ஆன் பண்ணுங்க. நீங்களும் இப்ப டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. யார்கிட்டயும் பேசக்கூடாது. லைனைக் கட் பண்ணினா உங்க மகனை யாராலயும் காப்பாத்த முடியாது."

திரையில் காக்கிச் சட்டையின் தோள்கள் தெரிந்தன. மோவாய்க்கு மேலே ஒன்றும் தெரியவில்லை.

கட் பண்ணக்கூடாது என்று அவன் சொல்லியிருக்கவே வேண்டாம். அந்தத் தெருவில் கடலில் ஆள் இருக்கும் எந்த வீட்டிலும் கரையில் இருப்பவர் போனை முதலில் வைக்கமாட்டார். கடலில் இருப்பவர்தான் வைக்க வேண்டும். கரையிலிருந்து கயிற்றை அறுத்துவிட்டதுபோல் ஆகிவிடும் என்று ஒரு அச்சம். ஈவாஞ்சலின் தன் கணவர் கடலில் இருந்த காலத்தில், பேச்சு முடிந்து வெறும் இரைச்சல் மட்டும் வந்தபோதுகூட, அவர் வைக்கும்வரை காதிலிருந்து எடுக்காமல் நின்றவள்.

"முன்கதவைச் சாத்துங்க" என்றது குரல். சாத்தினாள். பின்கதவு, ஜன்னல்கள் என்றது. அவற்றையும் சாத்தினாள். துறைமுகத்துப் பக்கமிருந்து நிலக்கரித் தூசியோடு வந்துகொண்டிருந்த உப்புக்காற்று ஒவ்வொரு ஜன்னலாக அறுபட்டு நின்றது. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் அடித்த மணி பஞ்சுக்குள் சுற்றியதுபோல் மங்கியது. மாதா படத்துக்கு முன் எரிந்த சிவப்பு பல்பு மட்டும் கூடம் முழுவதும் ஈரமாகப் படர, நண்பகலில் தன் வீட்டைத் தன் கையாலேயே இருட்டாக்கிவிட்டு அவள் நடுவில் நின்றாள்.

"வலது பக்கம் ஒரு ஜன்னல் பாக்கி இருக்கு."

அதையும் சாத்தினாள்.

பிறகு கேள்விகள். ஊர், தெரு, எதிர்வீட்டில் யார், ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றெல்லாம் கேட்டது. எதிர்வீட்டு ரீனா தன்னை அண்ணி முறையில் மைனி என்று கூப்பிடுவதுவரை சொன்னாள். அவள் பேசப் பேச அது வாய்மூடிக் கேட்டது. பசித்தவன் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல் கேட்டது.

கடைசியில் வந்தது விஷயம். "உங்க கணக்கில இருக்கிற பணத்தைச் சோதனைக்கு மாத்துறோம். முடிஞ்சதும் திரும்ப வந்துடும். இப்ப ஒரு நம்பர் வரும், படிங்க."

அந்தக் கணக்கில் கிடந்தது பெனிஸ்டன் கடலில் கிடந்து அனுப்பிய சம்பளம் முழுவதும். அதை வைத்துத்தான் அவன் கப்பலை விட்டு இறங்கி, இங்கேயே ஒரு என்ஜின் பட்டறை போடுவதாக இருந்தான். அது போனால் அவன் திரும்பவும் கடலுக்கு. இன்னும் எத்தனை வருடமோ.

டிங். நம்பர் வந்தது.

வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். விரல் மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இந்த அழைப்பில் அதைச் சுழற்றி முடிக்க இதுவரை ஒருமுறைகூட நேரம் கிடைக்கவில்லை.

"சார், எம் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை..."

"எம்மா, அவிய சொல்லுதத செய்யிம்மா."

உடனே. மறுபடியும் உடனே.

அவள் போனை இன்னும் கிட்டே பிடித்தாள். "செய்யுதேன்ல. ஒன் தங்கச்சி பக்கத்துல நின்னு அழுதா. அவகிட்ட என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதம்மா. அவ பாவம், பயந்திருவா."

குழம்பு அடிப்பிடிக்கும் வாசம்.

சிவப்பு வெளிச்சம்.

இல்லாத மகளுக்காக இரங்கும் தன் மகனின் குரல்.

அவள் கேட்டாள். "எந்தத் தங்கச்சில?"

முதன்முதலாக ஒரு இடைவெளி.

"நீ யாருல?"

"வைக்காதம்மா." குரல் இறங்கி, காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பேசியது. "கரையில இருந்து நீ வச்சிட்டா நான் வீடு திரும்ப மாட்டேன்."

அந்த வழக்கத்தை அவள் அதனிடம் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானின் மேல் கட்டை விரல் வேர்வையில் வழுக்கியது. அந்த விரலைப் பார்த்து அவளுக்கே கோபம் வந்தது.

"எம் புள்ள வருவான். அதுக்கு ஒங்கிட்டயால உத்தரவு கேக்கணும்? சட்டையப் போட்டா நீ போலீசா? மொதல்ல ஒனக்கு ஒரு மூஞ்சி இருக்கான்னு பாருல. இந்தா, நாந்தான் வைக்கேன்!"

வைத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு, மகனின் வழக்கமான நம்பரை அழுத்தினாள். மணி போயிற்று. எடுத்தான்.

"எங்கல இருக்க?"

இடைவெளி. மோதிரம் ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"...கப்பல்லதாம்மா. இப்பதான் சாப்பிட்டேன். என்ன, ஒனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

சிரிப்பும் அழுகையுமாகச் சொல்லி முடித்தாள். வார்த்தைகள் போய்ச் சேரும்வரை காத்திருந்தாள். "எந்தப் போலீசும் போனுக்குள்ள வச்சுக் கைது பண்ண மாட்டாம்மா. நம்பரப் படிக்கலல்ல? எங்கம்மான்னா எங்கம்மாதான். ஒடனே சைபர் போலீசுக்கு, பத்தொம்பது முப்பதுக்குப் போனப் போட்டுச் சொல்லு. நான் வைக்கேன்."

அந்த நம்பரைத் தட்டிக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்தாள். எதிர்வீட்டில் ரீனாவின் போன் ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது.

"ஏளா ரீனா, மைனி பேசுதேன். என்னையப் புடிச்சு வச்சிருக்காவளா..."

ஈவாஞ்சலினின் குரல். அவள் இழுக்கும் இழுப்பு. அவள் விம்மும் விம்மல்.

செருப்பில்லாமல் தெருவைத் தாண்டினாள். ரீனா தன் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தாள். கதவு இன்னும் பாதி திறந்திருந்தது.

"ஏளா, கேக்காத! நாந்தான் மைனி. இங்கன நிக்கேன், பாரு!"

ரீனா போனைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

"வாசல்ல நிக்கது நான் இல்லளா" என்றது போன். "கதவச் சாத்து."

ரீனா சாத்தினாள்.

ஈவாஞ்சலின் காலைக் கதவு நிலைக்குள் வைத்தாள். பலகை எலும்பில் மோதியது. எடுக்கவில்லை. ரீனா உள்ளிருந்து தள்ளினாள். எடுக்கவில்லை. "சாத்துளா, பாப்போம்!" என்றாள்.

உள்ளே இருட்டில், இடைவெளியே இல்லாமல், ஈவாஞ்சலினின் குரல் அழுதுகொண்டிருந்தது.

அவ்வளவுதான், என் செல்லங்களா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போன இடத்திலிருந்து சுகமாகத் திரும்பி வரட்டும். உங்கள் உழைப்பு உங்களிடமே தங்கட்டும். உங்கள் வாசலில் உங்களுக்காகக் கால் வைக்க எப்போதும் ஒருத்தி இருக்கட்டும்.