வைக்கோல் பொம்மைக்குள் வெண்கலக் கை

உப்புமீனும் வெங்காயமுமாக ஷவ்கத் வசந்தத் திருநாள் சாப்பாட்டில் கைவைத்த நேரம் பார்த்து, இன்ஸாஃப் அழுதுகொண்டே வந்து நின்றாள். துறைமுகப் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றால் மட்டும் இந்த போர்ட் சயித்காரர்கள் விட்டுவிடுவார்களா என்ன!

“அண்ணே, என் வீட்டுக்காரரப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க! பிரெஞ்சுத் துரை சிலையோட கைய வெட்டினது அவராம். நேத்து சாயங்காலம் எங்க கடை வாசல்ல திருநாளுக்காகக் கொளுத்தின வைக்கோல் பொம்மையோட சாம்பல்ல அது கிடந்துச்சாம்.”

அவள் கணவன் பஹ்ஜத் தையல்காரன். அவனுடைய கொள்ளுத்தாத்தா அந்தத் துரை நடத்திய கால்வாய் வேலைக்கு மண் வெட்டப்போய்த் திரும்பவேயில்லை. அதைச் சொல்லித்தான், எப்போதோ இறக்கிக் கிடங்கில் போட்ட துரையின் சிலை மறுபடி பீடமேறக் கூடாது என்று ஊரெல்லாம் பேசிவந்தான். மறுநாள் நகர மன்றத்தில் வாக்கெடுப்பு. அவன் உள்ளே இருந்தால் எதிர்த்தவர்கள் எல்லாம் ரவுடிகள் என்று ஆகிவிடும்.

“நேத்து பொம்மை யார்கிட்ட இருந்துச்சும்மா?”

“காலையில அவர் தச்சு முடிச்சதுமே என் சின்னவ தூக்கிக்கிட்டா, அஞ்சு வயசுக் கழுத. நெருப்பு வைக்கிறவரைக்கும் தோள்ல போட்டுக்கிட்டுத் தெருத்தெருவா சுத்தினா. வர்றவன் போறவனெல்லாம் செருப்பால நாலு சாத்து சாத்தினான். வருஷா வருஷம் நடக்குறதுதானே?”

கூட இருந்த பத்திரிகைக்காரி சஃபினாஸ் துள்ளினாள். “சார், அவருக்கு ஆகாதவங்க பன்னெண்டு பேரு. லிஸ்ட் போட்டுட்டேன்!”

“மடிச்சு வை தாயே. கிடங்குக்குப் போவோம்.”

சிலைக் கிடங்கின் காவலர் ருஷ்தி கெய்ரோக்காரர். இருபத்திரண்டு வருஷமாகத் துரைக்குத் தூசி தட்டுபவர். பண்டிகை வந்தால் ஊருக்குப் போய்விடுவார். இந்த வருஷம்தான் இங்கேயே தங்கியிருந்தார்.

“நேத்து மத்தியானத் தொழுகை முடிஞ்சு வந்தேன், பூட்டு உடைஞ்சிருக்கு. சந்தேகப்பட்டு அந்தத் தையல்காரன் கடைக்கு ஓடிப் போய்ப் பார்த்தா, அவன் கைய பொம்மை வயித்துல திணிச்சுத் தச்சுக்கிட்டிருக்கான். என் கண்ணால பார்த்தேன்!”

சாம்பலிலிருந்து எடுத்துவந்து மேஜைமேல் போட்டிருந்த வெண்கலக் கையை ஷவ்கத் இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. கைக்குட்டையால் துடைத்தார். சாம்பல் போய்ப் பழைய பச்சைக் களிம்பு அப்படியே தெரிந்தது.

“நெருப்புல வெந்திருந்தா கருகியிருக்கும். இது ஆறின சாம்பல்ல புதைச்சது. ருஷ்தி, இது பத்துக் கிலோ இருக்கும். அஞ்சு வயசுப் புள்ள இத நாள் பூரா தோள்ல சுமக்குமா? அத்தனை பேர் செருப்பால அடிச்சாங்களே, ஒருத்தனுக்குக்கூடவா உள்ள இருக்கிற கை தட்டுப்படல? பொம்மை கடையிலயே கிடக்கும்னு நினைச்சீங்க. இங்க அது தெருவுக்குச் சொந்தம். நீங்க பார்க்கவும் இல்ல, வேற யாரும் வெட்டவும் இல்ல.”

ருஷ்தி உட்கார்ந்துவிட்டார். “கை போனாலாவது ஊரு பாவப்படும், பீடத்துல ஏத்திவிடும்னு நினைச்சேன். நான் செத்தா இவர யாரு பார்த்துக்குவா? அறுக்கும்போது என் கைதான் வலிச்சுது.”

சாயங்காலம் பஹ்ஜத்தை விட்டுவிட்டார்கள். அவன் நேரே கிடங்குக்கு வந்து, ஒற்றைக் கையோடு கிடந்த துரையை வெகுநேரம் பார்த்தான்.

“புகார் எழுதிக் கொடுப்பா, இந்தக் காவலர உள்ள தள்ளலாம்,” என்றாள் சஃபினாஸ்.

“வேணாம்மா.” அவன் ருஷ்தியிடம் திரும்பினான். “பெரியவரே, அந்தக் கைய முதல்ல ஒட்டுங்க. முடமாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினா எனக்கே பாவமா இருக்கும், பேச்சு வராது. முழுசா நிக்கட்டும். நாளைக்கு அவர் மூஞ்சியப் பார்த்தே வேணாம்னு சொல்றேன்.”

ருஷ்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உலோகம் பற்றவைக்கும் விளக்கைத் தேடி எழுந்தார்.