குதிகால் முத்து

குதிகாலில் ஒரு வாரமாகத் தைத்திருந்த உடைமுள்ளை ஊக்கால் நெம்பி எடுத்தாள் ஜெபசுதா. வந்தது முள் மாதிரி இல்லை. அரிசி அளவில், வழவழவென்று மினுங்கும் ஒரு முத்து. அதன் ஒரு முனையில் மட்டும் முள்ளின் நுனி கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் புருசன் விஜயராஜ் அதை வாசல் வெயிலில் உருட்டி உருட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஏளா, ஊர்ல எல்லாரும் கடல்ல முங்கி எடுத்தாவ. நீ கால்லயே வெளைய வச்சிட்டியே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முத்துப் பண்ணையில் அவளுக்குச் சிப்பிகளுக்கு ஊசி போடுகிற வேலை. சிப்பியின் மரபணுவையே மாற்றுகிற மருந்து. போட்டால், சதைக்குள் வைத்த மணியைப் பத்தே நாளில் முத்தாக மூடிவிடும். மூன்று மாதம் முன்பு அந்த ஊசி அவள் விரலிலேயே ஏறியது. அப்போது வயிற்றுப் பிள்ளைக்கு நாலு மாதம். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள், பாவிகள்.

விஜயராஜ் துறைமுகத்துக்கு லாரி எடுக்கப் போனான். உப்பளத்துப் புழுதியும் கருவாட்டு வாடையும் கலந்த காற்று ஜன்னல் கதவை மெல்லத் தட்டித் தட்டிப் போக, எங்கோ கப்பல் ஒன்று நீளமாக ஊத, பண்ணை லேப்பில் இருக்கும் ஐஸ்வர்யாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், அந்தச் சிப்பி எதையெல்லாம் மூடும்?"

"தன் உடம்பா இல்லாத எதையும் மூடும். ஏங்க்கா கேக்கீங்க?"

"பாதி தன்னோடது, பாதி அடுத்தவங்களோடதுன்னா?"

ஐஸ்வர்யா தாழ்ந்த குரலில், "அக்கா, ஊசி எதுவும் குத்திருச்சா? மனுசங்களுக்கு என்ன செய்யும்னு நாங்க டெஸ்ட்டே பண்ணல."

போனை அணைத்தாள்.

இரண்டு நாளாகப் பிள்ளை புரளவில்லை. தூங்குகிறது என்றுதான் நினைத்திருந்தாள். வயிற்றில் கை வைத்தாள். அழுத்தினாள். அமுங்கவில்லை.

விரலால் தட்டினாள். தேங்காயைத் தட்டிய சத்தம்.

மாதாவே, என் பிள்ளை.

உள்ளே நகம் பிறாண்டியது. நின்றது.

பிறகு சின்ன முட்டி ஒன்று உள்ளேயிருந்து தட்டியது.

டொக். டொக்.

மறுபடியும். முன்னைவிட மெதுவாக.