பிடுங்காத பல்

அந்தப் பழைய வீட்டில் பல் மருத்துவமனை வைக்கப் போவதாகச் சொன்னபோதே பலர் அவளைத் தடுத்தார்கள். முன்பு அங்கே பல் பிடுங்கிய கிழவர், பிள்ளைகள் 'குறடு டாக்டர்' என்று பெயர் வைத்தவர், செத்த பிறகும் போகவில்லையாம்.

"செத்தவருக்கு எதுக்கு வாடகை வீடு?" என்று சிரித்துவிட்டுப் பெயர்ப்பலகையை மாட்டினாள் அந்தப் பல் டாக்டர். கிழவரின் கை அவளுக்குப் புதிதல்ல. ஐந்து வயதில், இதே அறையில், மரத்துப்போக ஊசிகூடப் போடாமல், ஒட்டி முளைத்திருந்த அவளுடைய இரட்டைப் பால்பல்லை அவர்தான் பிடுங்கினார். வலி மறந்துவிட்டது. கோபம் மறக்கவில்லை.

மழை பெய்த ஒரு மதியம் ஒருவர் தன் சின்ன மகளைக் கூட்டி வந்தார்.

"கீழ்ப்பல்லு ரெண்டும் ஒண்ணா ஒட்டியிருக்கு டாக்டர். ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்களாம். பிடுங்கிடுங்க."

"வலிக்குதாடா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினாள் சிறுமி.

"அப்போ அது பாட்டுக்கு இருக்கட்டும். இப்பவே எடுத்தா அடுத்து வர்ற பல்லுக்கு இடம் போயிடும். எங்கே, மூச்சை அடக்கிட்டு ஆ காட்டு. இல்லன்னா கண்ணாடி மங்கிடும்."

சிறுமி மூச்சை அடக்கினாள். டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டாள்.

கண்ணாடி மங்கியது.

துடைத்தாள். மறுபடியும் மங்கியது. குழந்தையின் நெஞ்சு அசையவே இல்லை. டாக்டரும் மூச்சை நிறுத்திப் பார்த்தாள்.

பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

கிராம்பு எண்ணெயும் பழைய இரத்தமும் கலந்த வாடை. தட்டில் கிடந்த குறடு தானாக உரசி நகர்ந்தது.

"பிடுங்கு."

சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்தன. அவள் கை குறட்டை எடுத்தது. குறடு குழந்தையின் உதட்டருகே வந்துவிட்டது.

"அன்னிக்கு எனக்கு அஞ்சு வயசு," என்று பல்லைக் கடித்தாள். "இன்னிக்கு இல்ல."

மறுகையால் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குறடு தரையில் விழுந்தது.

"இவ மேல கை வச்சுப் பாரு! போய்யா வெளியே!"

தகப்பன் பதறி எழுந்தார். "நானா டாக்டர்?"

"ஐயோ, உங்கள இல்ல. உட்காருங்க."

வாடை போய்விட்டது. பல்லின் பிளவில் சொத்தை விழாமல் பூச்சுப் பூசி அனுப்பினாள். வாசலில் சிறுமி ஈ என்று இளித்துக் காட்டினாள். இரட்டைப் பல் இருந்த இடத்திலேயே இருந்தது.

உள்ளே வந்து குறட்டை எடுத்தாள். அதன் வாயில் ஒரு பல்.

இரட்டைப் பல். ஓரத்தில், சின்ன வயதில் அவள் படியில் விழுந்தபோது சில்லு தெறித்த அதே உடைவு. இரத்தம் இன்னும் காயவில்லை.

பின்னால் காலி நாற்காலி, யாரோ ஏறிப் படுத்ததுபோல், கிரீச்சென்று சாய்ந்தது.

அவள் புதுக் கையுறையை மாட்டி, கண்ணாடியை நாற்காலியின் மேல் நீட்டினாள்.

"ஆ காட்டுங்க, டாக்டர். ஊசியெல்லாம் கிடையாது."

கண்ணாடி மெல்ல மங்கியது.